மட்கார்டை நம்பிச் சுமை ஏற்றாதீர்கள்

நாளைக் காலை கொல்லிமலைக்கோ வால்பாறைக்கோ கிளம்பும் திட்டத்தோடு, இன்று மாலை வெல்டிங் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, பின்னாடி ஒரு கேரியர் அடிச்சுக் குடுங்க, பையை வெச்சுக் கட்டணும்" என்று கேட்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேரியர் கேட்பதில் தவறில்லை. இன்று மாலை கேட்பதுதான் தவறு. ஒரு மணி நேரத்தில் வளைத்து, பற்றவைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, ஈரம் காயுமுன் பையைக் கட்டிக்கொண்டு போகிற அந்தக் கேரியரைத் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். பயணத்தைத் தள்ளிப்போட முடியாதென்றால் பையை முதுகில் மாட்டிக்கொண்டு போங்கள். தோள் வலிக்கும். வலிக்கட்டும்.

ஒற்றை இருக்கை வண்டி அழகானது, அதை மறுப்பதற்கில்லை. 2009இல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வந்தபோது சுருள்வில்லின்மேல் உட்கார்ந்த அந்த ஒற்றைச் சீட்டையும், பின்னால் வளைந்து இறங்கும் வெற்று மட்கார்டையும் பார்த்தே மனம் பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர். பின்சீட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, பழைய காலத்து வண்டி மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒருநாள் தூரப் பயணம் வருகிறது. துணிப்பை, கூடாரம், மழைக்கோட்டு, டயர் பஞ்சருக்குப் பம்ப் என்று சேர்ந்துகொண்டே போகிறது. எங்கே வைப்பது? கண்ணுக்கு முதலில் படுவது அந்த வெற்று மட்கார்டு. அதில் பின்சீட்டு இருந்த இடத்தில் துளைகளும் தயாராக இருக்கின்றன. கை தானாக அங்கே போகிறது.

அங்கேதான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. மட்கார்டு சேற்றையும் தண்ணீரையும் தடுக்க வைத்த தகடு. அந்தத் துளைகள் பின்சீட்டையும் அதில் உட்கார்ந்த ஆளையும் தாங்கினவே என்பீர்கள். தாங்கின. உட்கார்ந்த ஆளின் எடை துளைகளுக்கு நடுவே, சக்கர அச்சை ஒட்டி, நேராகக் கீழே இறங்கியது. உங்கள் கேரியரோ துளைகளைத் தாண்டிப் பின்னால் நீள்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடையே 150 மி.மீ. பையின் எடை 30 கிலோ. பையின் நடு, பின் போல்ட்டிலிருந்து 300 மி.மீ. தள்ளி இருக்கிறது. வண்டி அசையாமல் நிற்கும்போதே பின் போல்ட்டை 90 கிலோ கீழே அழுத்துகிறது, முன் போல்ட்டை 60 கிலோ மேலே பிடுங்குகிறது. முப்பது கிலோ பைதானே என்று நீங்கள் நினைத்தது தகட்டுக்குத் தெரியாது. வேகத்தடையில் ஏறி இறங்கினால், குழியில் விழுந்து எழுந்தால், இது ஒவ்வொரு தடவையும் பல மடங்காகும்.

தகடு உடனே கிழியாது. கிழிந்துவிட்டால்கூட நல்லதுதான், பட்டறை வாசலிலேயே தெரிந்துபோகும். துளையின் விளிம்பில், வாஷருக்கு அடியில், மயிரிழை போல ஒரு விரிசல் விழும். அதன்மேல் தூசி படியும், மழைநீர் உள்ளே இறங்கும், துரு பிடிக்கும். நீங்கள் வண்டியைக் கழுவித் துடைக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அது கண்ணில் படாமல் நீண்டுகொண்டிருக்கும். கடைசியில் அது விட்டுக்கொடுக்கும் நேரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் அது நிகழலாம். கேரியர் சாய்ந்து, பை சக்கரத்தில் உரசிச் சிக்கலாம், அல்லது பை மொத்தமாகச் சாலையில் விழலாம்.

விழுந்தால் உங்களுக்கு என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. துணி போகும், கூடாரம் போகும். வண்டி திடீரென்று லேசாவதை உணர்ந்து திரும்பிப் பார்ப்பீர்கள். அடி உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு விழும். அவர் ஒரு மொபெட்டில் காய்கறி மூட்டையோடு வருகிறவராக இருக்கலாம், மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வருகிறவராக இருக்கலாம். அவர் உங்கள் கேரியரைத் தேர்ந்தெடுக்கவில்லை, உங்கள் போல்ட்டை முறுக்கவில்லை. "எவ்வளவு சீக்கிரம் முடியும்?" என்று நீங்கள் வெல்டரை அவசரப்படுத்தியபோது அவர் அங்கே இல்லை. ஆனாலும் அந்த அவசரத்தின் விலையைக் கொடுக்கப்போவது அவர். முதுகுக்குப் பின்னால் கட்டுகிற சுமையில் உள்ள அறப்பிரச்சினை இதுதான். கட்டுகிறவன் கண்ணுக்கு அது தெரிவதில்லை, தெரிகிறவன் கையில் ஸ்பேனர் இல்லை.

ஆகவே எடையை மட்கார்டிடம் ஒப்படைக்காதீர்கள், சேசிஸிடம் ஒப்படையுங்கள். இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட் இருக்கிறது. பின்னால் உட்காருகிறவரின் ஃபுட்ரெஸ்ட் மாட்டும் பட்டை இருக்கிறது. வண்டிக்கு வண்டி இடம் மாறும், ஆனால் வண்டியின் எலும்பு எங்கே, தோல் எங்கே என்று சீட்டைக் கழற்றி ஐந்து நிமிடம் குனிந்து பார்த்தால் யாருக்கும் தெரியும். கேரியரின் கால்கள் எலும்பில் ஊன்ற வேண்டும். மட்கார்டின் துளைகளை, கேரியர் பக்கவாட்டில் ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்ளலாம். நேராக நிற்கும் கால்கள் மட்டும் போதாது. பிரேக் பிடிக்கும்போது சுமை முன்னே தள்ளும், வேகமெடுக்கும்போது பின்னே இழுக்கும். சாய்வாக ஒரு கம்பி கேரியரின் வால்பக்கத்திலிருந்து சேசிஸ்வரை இறங்கி முக்கோணமாக நிற்கவில்லையென்றால், எவ்வளவு தடித்த குழாயானாலும் ஆட்டம் காணும். மட்கார்டே சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும்படி அமைத்த வண்டிகளும் உண்டு. அவற்றில் மட்கார்டின்மேல் எதையும் மாட்டாதீர்கள். அங்கே உங்கள் பை ஷாக்குக்குக் கீழே, சாலையின் ஒவ்வொரு அடியையும் நேரடியாக வாங்கும்.

சரி, சேசிஸில் மாட்டிவிட்டோம், இனி எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாமா? கிணற்று ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏற்றத்தின் வால்பக்கம் ஆள் நடந்து போகப்போக மறுமுனை எழும்பும். வண்டிக்குப் பின்சக்கர அச்சுதான் அந்த நடுக்கால். இப்போதைய கிளாசிக் 350இன் இரு சக்கர அச்சுகளுக்கும் இடைத்தூரம் 1,390 மி.மீ. பின் அச்சுக்கு 350 மி.மீ. பின்னால் 30 கிலோ வைத்தால், முன்சக்கரத்திலிருந்து ஏறக்குறைய ஏழரைக் கிலோ கழன்றுவிடுகிறது. 195 கிலோ வண்டிக்கு ஏழரைக் கிலோ பெரிதா என்று கேட்கலாம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கேளுங்கள். மேடு ஏறுகையில் எடை இன்னும் பின்னுக்குச் சரியும், ஆக்ஸிலேட்டர் கொடுக்கையில் மேலும் சரியும். வளைவில் வண்டியைத் திருப்ப வேண்டிய முன்டயர் சாலையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். சமவெளியில் வேகமாகப் போனால் ஹேண்டில்பார் மெல்ல ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் தொடங்கியபின் பதறிப் பிரேக் பிடிப்பவர்கள்தான் விழுகிறார்கள்.

பால்காரர்களைப் பாருங்கள். எத்தனை ஆண்டுகளாக எத்தனை கேன்களைத் தூக்குகிறார்கள்! கேன்களை இரண்டு பக்கமும், தாழ்வாக, காலுக்குப் பின்னாலேயே தொங்கவிடுகிறார்கள். யாரும் அவர்களுக்குப் பௌதிகம் சொல்லித் தரவில்லை. கனமான கருவிப்பை, தண்ணீர், உதிரிப் பொருள் எல்லாம் தாழ்வாகவும் முன்னாகவும் போகட்டும். படுக்கை, துணி, மழைக்கோட்டு ஆகிய லேசானவை மட்டும் கேரியரில் உட்காரட்டும். கேரியரையும் முடிந்தவரை சீட்டை ஒட்டி அமையுங்கள். சுருள்வில் சீட்டானால் அது கீழே அமுங்கிப் பின்னால் சாயும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் முதல் குழியிலேயே சீட்டு கேரியரில் இடிக்கும். பின்ஷாக்கின் அழுத்தப் படியைச் சுமைக்கு ஏற்ப ஏற்றிக்கொள்ளவும், திரும்பி வந்ததும் இறக்கிவிடவும் மறக்காதீர்கள்.

இனிப் பட்டறைக்காரரிடம் நான் பேச வேண்டும்.

அண்ணா, உங்கள் கைவேலையைச் சந்தேகிக்கவில்லை. இந்த நாட்டில் பாதி வண்டிகள் இன்னும் ஓடுவது உங்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான். ஆனால் சிலவற்றை நீங்கள் மறுக்க வேண்டும். கேட்கிறவன் காசு கொடுக்கிறவன் என்றாலும் மறுக்க வேண்டும். சேசிஸில் நேரடியாகப் பற்றவைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சேசிஸ் குழாயில் சூடு பட்ட இடம் தன் குணத்தை மாற்றிக்கொள்கிறது. ஆண்டுகள் கழித்து அது அந்தப் பற்றுக்குப் பக்கத்தில்தான் விடும், பற்றில் விடாது. சேசிஸை வெட்டுவதும் சட்டத்துக்கு விரோதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு உற்பத்தியாளர் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. கழற்றி மாட்டும்படி போல்ட்டில் நிற்கும் கேரியரே வண்டிக்கும் நல்லது, வாடிக்கையாளருக்கும் நல்லது.

கேரியரை வண்டியில் வைத்து அளவெடுங்கள், ஒன்றிரண்டு இடத்தில் டேக் (சிறு பொட்டுப் பற்று) வைத்துக்கொள்ளுங்கள். அதற்கே பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். இப்போதைய வண்டிகளில் பெட்ரோல் செலுத்துவதும் ஏபிஎஸ் இயங்குவதும் மின்னணுப் பெட்டிகளால்தான்; வெல்டிங் மின்சாரம் அவற்றைக் கெடுத்துவிடலாம். முழுப் பற்று வைக்கும் முன் கேரியரைக் கீழே இறக்கிவிடுங்கள். எர்த் கிளாம்பை எங்கோ சக்கரத்தில் கடித்துவைத்துவிட்டு மேலே பற்றவைத்தால், மின்சாரம் பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றைப் பொத்தலாக்கும். பெட்ரோல் டேங்க் ஒரு முழம் தூரத்தில் இருக்கிறது என்பதையும் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மிச்சம் கிடந்த ஜி.ஐ. குழாயை எடுத்து வளைக்காதீர்கள். அதன்மேல் பூசிய துத்தநாகம் சூட்டில் வெண்புகையாக எழும். அதைச் சுவாசித்தால் அன்று இரவு குளிர்காய்ச்சல் வரும். பற்றிலும் ஓட்டை விழும். 16 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. கனமும் கொண்ட சாதாரண இரும்புக் குழாய் ஒரு பைக்குப் போதும். குழாயின் வாயைத் திறந்து விடாதீர்கள், மழைநீர் உள்ளே போய்த் தங்கினால் உள்ளிருந்தே துரு தின்றுவிடும். வெளியே பவுடர் கோட்டிங் பளபளத்துக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும்விட நான் கோபப்படுவது ஒன்றுக்காக. பற்று சரியாக விழவில்லை, கொப்புளமாக நிற்கிறது. அதை கிரைண்டரால் வழித்துச் சமமாக்கி, பட்டி வைத்து, பெயிண்ட் அடித்து, பார்க்க ஒரே வார்ப்பு மாதிரி செய்து கொடுப்பது. வாங்குகிறவன் மகிழ்ந்து போகிறான், படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறான். அவனுக்கு அழகாகத் தெரிகிற அந்த இடம் வெறும் பட்டி. அது கவனக்குறைவோடு சேராது. அது பொய், இரும்பில் சொன்ன பொய். முரட்டுப் பற்று நிற்கட்டும். வெல்டிங் மணி தெரிந்தால் அசிங்கம் என்று எந்த வாடிக்கையாளராவது சொன்னால், அவரைச் சென்னையில் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக்கு அனுப்பி, அந்த வண்டிக்கென்றே செய்த கேரியரை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். உண்மையில் பல வண்டிகளுக்கு அதுதான் சிறந்த வழி. பட்டறையில் அடிப்பது வேறு வழியில்லாதபோது மட்டும் இருக்கட்டும்.

போல்ட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். தலையில் 8.8 என்று வலுவின் தரம் பொறித்த எட்டு மில்லி போல்ட்டுக்கும், எண்ணே இல்லாத போல்ட்டுக்கும் விலை வித்தியாசம் ஒரு டீ காசு. கூடவே எளிதில் கழலாத நைலாக் நட்டு போடுங்கள். நட்டைத் தாண்டி இரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும். ஷாக்கின் மேல் போல்ட்டில் கேரியரின் பட்டையைச் செருகும்போது அந்தப் பட்டையின் கனத்துக்கு நட்டின் பிடி குறைகிறது என்பதை மறந்து, பழைய போல்ட்டையே அரைகுறையாக மாட்டிவிடுகிறார்கள். கேரியர் மட்டுமல்லாமல் ஷாக்கே அந்த போல்ட்டில்தான் நிற்கிறது. நீளமான போல்ட் வாங்கி வரச் சொல்லி, அது வரும்வரை வண்டியை வெளியே விடாதீர்கள்.

இப்போது மிகவும் கடினமான விஷயத்துக்கு வருகிறேன். கேரியர் போட்டாயிற்று. பையில்லாத நாளில் அது தட்டையாக, காலியாக, ஓர் ஆள் உட்காரும் அகலத்தில் இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் நண்பன் நிற்கிறான். "ஏறுடா, ரெண்டு கிலோமீட்டர்தானே." அல்லது தங்கை, அல்லது மனைவி. ஒரு துண்டை மடித்துப் போட்டு உட்காரச் சொல்கிறோம். பின்சீட்டோடு கைப்பிடியும் சேலை கார்டும் சில வண்டிகளில் பரணுக்குப் போயிருக்கும். காலை எங்கே வைப்பது என்று அவர்கள் தேடுவார்கள். புடவைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பறக்கும்.

மத்திய மோட்டார் வாகன விதி 123 பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால்வைப்பு, சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. துணி சக்கரத்தில் சிக்காமல் காப்பதற்குத்தான் அந்தத் தடுப்பு. சட்டத்தின் 128ஆம் பிரிவு பின்னால் வருபவர் ஓட்டுநருக்குப் பின் உறுதியாகப் பொருத்திய முறையான இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்கிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத உரிமத் தகுதியிழப்பும் உண்டு. ஆர்சி புத்தகத்தில் இருக்கை இரண்டு என்று இருக்கிறதே என்று வாதாடாதீர்கள். அந்த இரண்டாவது இருக்கையை நீங்கள்தான் பரணில் போட்டுவிட்டீர்கள்.

குழந்தையை அதில் உட்காரவைப்பவர்களுக்கு என்னிடம் மென்மையான சொல் இல்லை. நான்கு வயதுக்குள்ளான குழந்தையைக் கூட்டிப்போனால் ஓட்டுபவரோடு இணைக்கும் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதியே இருக்கிறது. இருப்புக் கம்பிகளின்மேல், பிடிக்க எதுவுமில்லாமல், அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை இன்றைக்கே, இந்த நிமிடமே இறக்கிவிடுங்கள். பள்ளிக்கு நேரமாகிவிட்டதா? ஆட்டோவில் அனுப்புங்கள். நாளைக்குப் பின்சீட்டை மாட்டுங்கள். அழகு குறைந்தால் குறையட்டும்.

பெட்டி வைக்க நினைப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2020இல் வந்த விதித்திருத்தம் லேசான பெட்டி பொருத்துவதை அனுமதிக்கிறது. நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மி.மீ. என்பது எல்லை. அந்தப் பெட்டி பின்சீட்டு இருந்த இடத்தில் உட்கார்ந்தால் வண்டியில் ஓட்டுநர் ஒருவர் மட்டுமே போகலாம். சுமையா ஆளா என்பதை ஒருமுறை முடிவு செய்துகொண்டு அதிலேயே நில்லுங்கள்.

கட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லாரி டியூபை அறுத்த பட்டை நல்லதுதான், ஆனால் வெயிலில் வெடித்த பழைய பட்டையைப் போட்டு இழுக்காதீர்கள். இரண்டு பக்கமும் கொக்கி வைத்த ரப்பர் கயிறு கழன்று தெறித்தால் முதலில் போவது உங்கள் கண். கயிறு எதுவானாலும் இரண்டு வேண்டும், ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்கும்படி. மிச்ச முனையைத் தொங்கவிடக் கூடாது. அது சங்கிலியில் சுற்றிக்கொண்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பை கட்டி முடித்தபின் வண்டிக்குப் பத்தடி பின்னால் போய் நின்று, நண்பரைப் பிரேக்கையும் இண்டிகேட்டரையும் போடச் சொல்லிப் பாருங்கள். டெயில் லைட் தெரிகிறதா? நம்பர் பிளேட் தெரிகிறதா? உங்களுக்குப் பின்னால் வருகிறவர் உங்களிடமிருந்து கேட்கும் ஒரே தகவல் அந்தச் சிவப்பு விளக்கு. அதன்மேல் துண்டைக் காயப் போட்டுக்கொண்டு போகிறவர்களை சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறுதோறும் பார்க்கலாம்.

மாட்டி முடித்ததும் பையோடு உள்ளூரில் ஒருநாள் ஓட்டுங்கள். வேகத்தடைகளில், கல் பெயர்ந்த தெருவில். வண்டியில் இன்னொருவரை ஏற்றி ஷாக் முழுக்க அமுங்கும்படி அழுத்தச் சொல்லி, கேரியரின் கால் எங்காவது டயரிலோ சைலன்ஸரிலோ தொடுகிறதா என்று குனிந்து பாருங்கள். ஒவ்வொரு நட்டின்மேலும், அதிலிருந்து பட்டைவரை, நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகினால் நட்டு சுழன்றிருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்திக் கோட்டைப் பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு பெட்ரோல் நிறுத்தத்திலும் பாருங்கள். டீ ஆறும் நேரத்தில் முடிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு, யாரும் பேசாதது. இந்த வண்டியை ஒருநாள் விற்பீர்கள். வாங்க வருகிறவன் ஒரு கல்லூரிப் பையனாக இருப்பான், கேரியரைப் பார்த்துத்தான் ஆசைப்படுவான். எங்கே துளை போட்டீர்கள், எந்த போல்ட்டை மாற்றினீர்கள், இதில் எவ்வளவு எடை வைக்கலாம் என்பதை விலை பேசும் முன் சொல்லுங்கள். மட்கார்டில் விரிசல் இருந்தால் காட்டுங்கள், ஆயிரம் குறைத்துக் கேட்டால் கொடுங்கள். பரணிலிருந்து பின்சீட்டையும் கைப்பிடியையும் சேலை கார்டையும் இறக்கி, தூசி தட்டி, போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டு ஆர்சி மாற்றும் தாளில் கையெழுத்துப் போடுங்கள்.